பாட்டிலில் அடைத்த மின்மினி காலையில் ஏன் ஒளிரவில்லை?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள உங்கள் மாமனார் ஊரில், கோடை மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், உங்கள் மகள் ஆறேழு மின்மினிகளைப் பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்ததாகவும், பொழுது விடிந்தபோது அவற்றில் ஒன்றுகூட ஒளிரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வெளிச்சம் ஏன் சுடவில்லை, அது தீர்ந்துபோகக் கூடியதா, தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்காக வைத்துக்கொள்ளும் என்று பாட்டி சொன்னது உண்மையா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: அடுத்த முறை சிலவற்றை உயிரோடு கொண்டுவந்து வேளச்சேரியில் உங்கள் மொட்டைமாடித் தோட்டத்தில் விட்டால் அவை பிழைத்துப் பெருகுமா? உங்கள் மகள் உண்மையில் கேட்க விரும்பியது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒளி எப்படி உண்டாகிறது என்பது விளங்கினால்தான் இதற்கான விடையும் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் உயிர்வேதியியல் படித்து, சென்னையில் ஆய்வகப் பணியிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். மின்மினியின் ஒளியை உண்டாக்கும் நொதியைக் கருவியாகப் பயன்படுத்துவது என் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. ஆகவே ஒளியின் வேதியியலைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். பூச்சிகளை இனம் பிரித்து அறிவது வேறொரு துறை. நீங்கள் அனுப்பிய மங்கலான படத்தைக் கொண்டு அது எந்த இனம் என்று நான் சொல்ல முற்படமாட்டேன்.

ஆய்வகத்தில் அந்த நொதி, பனிக்கட்டியில் புதைத்து வைத்த விரல்நுனி அளவுள்ள குழாயில் இருக்கும். அதனுடன் சேர்க்க வேண்டிய லூசிஃபெரின் என்னும் வெளிர்மஞ்சள் பொருள் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அலுமினியத் தாள் சுற்றிய குழாயில் தனியே இருக்கும். இரண்டையும் சிறிதளவு மக்னீசியம் உப்போடு கலந்தால் எதுவும் நிகழாது. விளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும் வரை பொறுத்திருந்து, ஏடிபி என்னும் பொருளின் கரைசலில் ஒரு துளியை அதில் விட்டால், துளி விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சை ஒளி ஒன்று எழுந்து குழாய் முழுவதும் பரவும். முதல் நொடியிலேயே அதன் உச்சத்தைக் கண்டுவிடலாம்; பிறகு மெல்ல மங்கும். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஒவ்வொருவரும் குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். குழாய் பனிக்கட்டியின் குளிரோடேயே இருக்கும்.

லூசிஃபெரேஸ் என்னும் அந்த நொதி முதலில் ஏடிபியின் துணையோடு லூசிஃபெரின் மூலக்கூற்றைத் தன் மடிக்குள் இருத்தி, வினைக்கு ஆயத்தம் செய்கிறது. அதன் பிறகு ஆக்சிஜன் வந்து சேர்கிறது. லூசிஃபெரினும் ஆக்சிஜனும் இணைந்து, நிலையற்ற ஒரு வளையம் உருவாகி, அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது, எஞ்சிய மூலக்கூறு மிகுந்த ஆற்றலோடு கிளர்ந்த நிலையில் நிற்கிறது. அது தணிந்து இயல்புநிலைக்கு இறங்கும்போது அந்த ஆற்றலை வெப்பமாக அல்லாமல் ஒற்றை ஒளித்துகளாகக் கொட்டுகிறது. இங்கே பலரும், பாடநூல் எழுதுவோர் சிலரும்கூட, ஒரு பிழை செய்கிறார்கள்: ஏடிபி என்பது உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்பதால் மின்மினியின் ஒளி ஏடிபியின் ஆற்றலிலிருந்து வருகிறது என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு அதற்கு இடங்கொடுக்காது. மின்மினியின் மஞ்சட்பச்சை ஒளி ஏறத்தாழ 560 நானோமீட்டர் அலைநீளம் உடையது. ஒரு மோல் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) அளவு ஒளித்துகளுக்கு அது சுமார் 51 கிலோ கலோரி ஆகும். ஒரு மோல் ஏடிபி உடைந்தால் கிடைப்பதோ ஏறக்குறைய 7 கிலோ கலோரிதான். ஏடிபி பூட்டைத் திறக்கும் சாவி. உள்ளே இருக்கும் செல்வம் லூசிஃபெரின் ஆக்சிஜனோடு சேர்வதில் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், மின்மினியின் வெளிச்சமும் ஒருவகை எரிதலே. ஆனால் தீயைப் போலத் தாறுமாறாக வெப்பத்தை வாரி இறைக்காமல், ஒவ்வொரு மூலக்கூறாக, ஓர் ஒழுங்குக்குள் நடத்தப்படும் எரிதல்.

சுடாததற்குக் காரணம் இதுதான். குளிரில் நடுங்கிய குரங்குகள் மின்மினியைத் தீப்பொறி என்று எண்ணிச் சுள்ளிகளை அடுக்கி ஊதிக்கொண்டே இருந்த கதையை உங்கள் மகளுக்குப் பாட்டி சொல்லியிருக்கக்கூடும். குரங்குகள் எவ்வளவு ஊதியிருந்தாலும் குளிர்காய முடியாது. ஏனென்றால் அந்த ஒளியில் அகச்சிவப்புக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. பழைய குண்டு பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஐந்து பங்கு அளவுக்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்கி மீதியை வெப்பமாக்கிவிடும். அமெரிக்காவில் லாங்லியும் வெரியும் 1890-இல் ஒளிரும் வண்டு ஒன்றின் ஒளியை அளந்து, அதில் வீணாகும் வெப்பக் கதிர் இல்லை என்று காட்டினார்கள். அதிலிருந்து, மின்மினியின் ஒளி நூற்றுக்கு நூறு திறன் உடையது என்ற பேச்சு பரவி, இன்றுவரை செய்தித்தாள் துணுக்குகளில் வந்துகொண்டிருக்கிறது. இதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். வெளிவரும் ஒளியில் வெப்பக் கதிர் இல்லை என்பது வேறு. வினைபுரியும் மூலக்கூறுகளில் எத்தனை ஒளியைத் தருகின்றன என்பது வேறு. இரண்டாவதை 1960-ஐ ஒட்டி அளந்தவர்கள் நூற்றுக்கு 88 என்று கண்டார்கள். அந்த எண் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நூல்களில் நிலைத்திருந்தது. 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுட்பமான கருவிகளோடு மீண்டும் அளந்தபோது நூற்றுக்கு 41 என்று வந்தது. நான் இரண்டாவது எண்ணையே ஏற்கிறேன். மகள் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றால், நூற்றுக்கு நூறு என்று சொல்லாமல் 41 என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த அளவே வேதிவினைகளில் மிக அரியது.

லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்னும் இந்த இரு பொருள்களும் தனித்தனியானவை என்பதை முதலில் காட்டியவர் பிரான்சு நாட்டின் ரஃபாயேல் துபுவா. 1885-இல் அவர் ஒளிரும் வண்டின் உறுப்பை அரைத்து, ஒரு பகுதியைக் குளிர்ந்த நீரிலும் இன்னொரு பகுதியை வெந்நீரிலும் சாறெடுத்தார். குளிர்நீர்ச் சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீர்ச் சாறு ஒளிரவே இல்லை. அணைந்த சாற்றையும் ஒளிராத சாற்றையும் ஒன்றாகக் கலந்தபோது ஒளி மீண்டும் எழுந்தது. முதல் சாற்றில் லூசிஃபெரின் தீர்ந்து நொதி மிஞ்சியிருந்தது; இரண்டாவதில் நொதி வெந்து கெட்டு லூசிஃபெரின் மிஞ்சியிருந்தது. இவ்வளவு எளிய கருவிகளால் இவ்வளவு தெளிவான விடையைப் பெற்ற சோதனைகள் மிகக் குறைவு. நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. ஏடிபியின் பங்கை 1947-இல் கண்டவர் அமெரிக்காவின் வில்லியம் மெக்கல்ராய். அவர் பால்டிமோர் நகரச் சிறுவர்களுக்கு நூறு மின்மினிக்கு 25 சென்ட் கொடுத்துப் பூச்சிகளைச் சேர்த்தார். நல்லவேளையாக அந்தத் தேவை இன்று இல்லை: நொதியின் மரபணு 1985-இல் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, அதை பாக்டீரியாவுக்குள் வைத்து வேண்டிய மட்டும் வளர்த்துக்கொள்கிறோம்.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். பேட்டரி தீர்வதைப் போல ஒளி தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. துபுவாவின் கிண்ணத்தில் தீர்ந்தது. உயிருள்ள பூச்சியின் உடல் அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. மின்மினி தன் விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் ஆக்சிஜனைக் கொண்டுதான். அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில், ஒளிபுகும் தோலுக்கு அடியில், ஒளியை உண்டாக்கும் உயிரணுக்களான ஒளியணுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் யூரேட் துகள்கள் நிறைந்த வெண்மையான ஓர் அடுக்கு, விளக்கின் பின்தகடு போல ஒளியை வெளிநோக்கித் திருப்பி அனுப்புகிறது. நுண்ணிய காற்றுக்குழல்கள் அந்த அணுக்களுக்கு இடையே கிளைத்து ஓடுகின்றன. மூளையிலிருந்து வரும் நரம்பு ஒளியணுவில் போய் முடிவதில்லை, காற்றுக்குழலின் முனையில் இருக்கும் அணுக்களில் முடிகிறது என்பதே இதில் வியப்பானது. அங்கே நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, ஒளியணுவுக்கு ஆற்றலை உண்டாக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனை விழுங்குவதைக் கணநேரம் நிறுத்தி, அது உள்ளே நொதி இருக்கும் இடம்வரை சென்றுசேர வழிவிடுகிறது என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விளக்கியது. இது வலுவான விளக்கம்; எனினும் காற்றுக்குழல் முனையின் திறப்பும் மூடலுமே முதன்மையானது என்று கருதுவோரும் இருக்கிறார்கள், அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆக்சிஜனே திறவுகோல் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

அப்படியானால் மூடிய பாட்டிலில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்றா என்று கேட்பீர்கள். ஆறேழு சிறு வண்டுகள் ஓர் இரவில் ஒரு பாட்டில் காற்றைத் தீர்த்துவிட மாட்டா. காலையில் அவை ஒளிராததற்கு முதற்காரணம் காலை ஆகிவிட்டது என்பதே. மின்மினி தன் உள்நாழிகைக்கும் சுற்றுப்புற வெளிச்சத்துக்கும் கட்டுப்பட்டது. பகலில் அது இலையடியில் அசையாமல் கிடக்கும். இரண்டாவது, உலர்ந்துபோதல். ஈரமில்லாத கண்ணாடிச் சுவருக்குள் இரவெல்லாம் முட்டி மோதிய பூச்சி சோர்ந்துபோயிருக்கும். மூடியைத் திறந்து ஈரப் புல்லில் விட்டிருந்தால், அவற்றில் உயிரோடிருந்தவை அன்று மாலையே ஒளிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

நம் ஊரோடு தொடர்புடைய ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏடிபி உண்டு. செத்த உயிரணுவில் அது விரைவில் அழிந்துவிடும். ஆகவே மின்மினியின் நொதி, எங்கே உயிர் இருக்கிறது என்று காட்டும் விளக்காகிறது. 1956-இல் காசநோய் மருந்தாய்வுக்கெனச் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட நிறுவனத்தில், மின்மினியின் மரபணுவை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் பொருத்தி, அதைக் கொண்டு காசநோய்க் கிருமியைச் சோதிக்கும் ஆய்வுகள் நடந்தன. வைரஸ் கிருமிக்குள் நுழைந்து நொதியை உண்டாக்கும். லூசிஃபெரினைச் சேர்த்தால் உயிருள்ள கிருமி ஒளிரும். மருந்தைக் கொடுத்த பிறகும் ஒளிர்ந்தால் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். அணைந்தால் மருந்து கேட்கிறது. மெல்ல வளரும் அந்தக் கிருமி வளர்ந்து தெரியும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதைச் சில நாட்களில் காட்டிவிடும் முறை இது. அதற்குப் பயன்பட்ட வைரஸ்களுள் ஒன்றின் பெயர் சிஹெச்ஈ 12. அந்த மூன்று எழுத்துகள் சென்னையைக் குறிப்பவை.

மின்மினி எதற்காக ஒளிர்கிறது என்பதற்குத் துணையைத் தேடுவதற்காக என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடுவது வழக்கம். பறக்கும் ஆணைப் பொறுத்தவரை அது சரி. விட்டு விட்டு மின்னும் இனங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் இருக்கிறது. அமெரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் ஓர் இனத்தில் ஆண் ஏறக்குறைய ஆறு நொடிக்கு ஒருமுறை மின்னும், புல்லில் அமர்ந்திருக்கும் பெண் இரண்டு நொடி கழித்து விடை மின்னும். ஆனால் மின்மினி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறகில்லாத புழுவாகத்தான் கழிக்கிறது, அந்தப் புழுவும் ஒளிர்கிறது. துணை தேடும் பருவமே வராத புழு ஏன் ஒளிர வேண்டும்? மின்மினிகள் பலவற்றின் உடலில் கசப்பான நச்சுப்பொருள் இருக்கிறது. என்னைத் தின்னாதே என்று எச்சரிப்பதற்காகவே முதலில் ஒளி தோன்றி, பிறகு அதுவே காதல் மொழியாக மாறியது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சில இனங்களில் வளர்ந்த பெண்ணுக்கும் சிறகு முளைப்பதில்லை. புழு வடிவிலேயே தரையில் இருந்து விடாமல் ஒளிரும். ஐரோப்பியர் ஒளிப்புழு என்று அழைப்பது இதைத்தான். நியூசிலாந்தின் வைடோமோ குகைக் கூரைகளில் நீல ஒளியோடு தொங்கும் புழுவை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வண்டே அன்று, ஒருவகைச் சிறு ஈயின் புழு. பசை இழைகளைத் தொங்கவிட்டு, ஒளியால் பூச்சிகளைக் கவர்ந்து பிடித்துத் தின்னும்.

மின்மினிப் புழுவை நான் மிக அருகில் பார்த்தது செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில், மழை விட்ட மறுநாள் இரவு. கரைச் சரிவில், சருகுக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் அசையாமல் தெரிந்தன. சருகை விலக்கிப் பார்த்தால், ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வேய்ந்தது போன்ற கரிய முதுகோடு, சுண்டுவிரலின் பாதி நீளத்தில் ஒரு புழு. தலையும் முன்னுடலும் ஒரு நத்தையின் ஓட்டுக்குள் புதைந்திருந்தன. வால்பக்கத்து இரு விளக்குகள் மட்டும் வெளியே எரிந்துகொண்டிருந்தன. அது நத்தையைக் கடித்து, நஞ்சைச் செலுத்தி மரக்கச் செய்து, செரிமான நீரால் தசையைக் கூழாக்கி உறிஞ்சும். கால்மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

தூக்கணாங்குருவியைப் பற்றிப் பாட்டி சொன்னதில் பாதி உண்மை. ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிய நிலையில் ஈரக் களிமண்ணைக் கொண்டுவந்து உட்புறத்தில் அப்புகிறது. பழைய கூட்டைப் பிரித்துப் பார்த்தால் காய்ந்த மண்கட்டிகளை நீங்களே காணலாம். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அந்தக் கனம் உதவக்கூடும் என்பது பரவலான ஊகம். ஊகம் என்றே அதைக் கொள்ள வேண்டும். மின்மினியை அதில் ஒட்டுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. இரவில் ஒளிரும் கூடு, குஞ்சைத் தேடும் எதிரிக்கு வழிகாட்டுமே தவிரக் குருவிக்கு எந்த வகையிலும் உதவாது. அது பகலில் இரை தேடும் பறவை.

இனி மொட்டைமாடி. கொண்டுவர வேண்டாம் என்பதே என் பதில், காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் மகள் காற்றில் மின்னியவற்றைத் தானே பிடித்தாள்? அவை பெரும்பாலும் ஆண்களாக இருக்கும். வளர்ந்த மின்மினி ஓரிரு வாரங்கள் அல்லது சற்று மிகுதியாக வாழும். பல இனங்களில் அது உண்பதே அரிது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததைக் கொண்டே பறந்து, கூடி, முட்டையிட்டு முடிந்துவிடும். ஆக, நீங்கள் பாட்டிலில் கொண்டுவருவது ஒரு நீண்ட வாழ்வின் கடைசிச் சில நாட்களை மட்டுமே. அதற்கு முந்திய மாதங்கள் முழுவதும் ஈர மண்ணிலும் மக்கிய சருகிலும், நத்தையும் மண்புழுவும் கிடைக்கும் இருட்டான நிலத்தில் கழிந்தவை. சிமென்ட் தளத்தில் வைத்த தொட்டிகள், மாசியிலிருந்தே காயும் மண், செடிகளைக் காக்க நீங்கள் தூவும் நத்தை மருந்து, எதிரே தெருவிளக்கு, கொசுவுக்காக அடிக்கும் புகை: இவற்றுக்கு நடுவே அந்தப் புழு ஒரு வாரம்கூடத் தாங்காது.

வேளச்சேரியில் அவை ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விடை. உங்கள் வீடு இருக்கும் பகுதி ஒருபுறம் ஏரியும் மறுபுறம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமுமாக இருந்த நிலம். ஏரி சுருங்கிவிட்டது, சதுப்புநிலத்தில் எஞ்சியதற்குள் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாழிடம் அழிதல், செயற்கை வெளிச்சம், பூச்சிமருந்து ஆகிய மூன்றையுமே உலகெங்கும் மின்மினி ஆய்வாளர்கள் முதன்மையான அச்சுறுத்தல்களாகச் சொல்கிறார்கள். இவற்றுள் வெளிச்சத்தின் கேட்டை மக்கள் எளிதில் உணர்வதில்லை. பல கெஜ தூரத்தில் ஒரு பெண் வண்டு தரும் சிறு மின்னலை ஆண் வண்டு கண்டாக வேண்டும். வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் அந்த மின்னல் கரைந்துவிடுகிறது. பூச்சி சாகவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிடுகிறது, அடுத்த தலைமுறை பிறப்பதில்லை.

ஆகவே அதன் ஊருக்கு நாம் போவதே வழி. பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்திப் பகுதிக் காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒருங்கே மின்னும் காட்சி பதிவாகியிருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் இரவில் நினைத்தபடி போக முடியாது. உங்களுக்கு அந்தத் தொலைவும் தேவையில்லை, மாமனார் ஊர் வாய்க்கால் கரையே போதும். அடுத்த கோடை மழைக்குப் பின், இருட்டியதும் வீட்டின் வெளிவிளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, டார்ச் தேவைப்பட்டால் அதன் முகப்பில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நிறம் அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கண் பழக இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரே ஒரு மின்மினியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை நொடி என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணையும், அன்றைய தேதியையும், நேரத்தையும், மழை பெய்ததா என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கரையோரப் புல்லில் தாழ்வாக, அசையாமல் விடை தரும் வெளிச்சம் ஒன்று தெரிந்தால் அதுதான் பெண். அதைப் பறிக்காமல், அது இருக்கும் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.